கறுப்பு வண்டிக்கு எந்தத் துணி

குழந்தைக்குச் சட்டை வாங்கினால் முதலில் கழுத்துப் பக்கம் தைத்திருக்கும் கம்பெனிச் சீட்டைக் கத்தரித்துவிடுவேன். பிறகு சட்டையை உள்பக்கமாகத் திருப்பி, தையலை என் மணிக்கட்டில் தேய்த்துப் பார்ப்பேன். உறுத்தினால் அந்தச் சட்டை அலமாரியோடு சரி. மைக்ரோஃபைபர் துணிகள் பார்சலில் வந்த அன்றும் அதையேதான் செய்தேன். என் கணவர் பார்த்துச் சிரித்தார்.

"இது காருக்கா, ஒன் பொண்ணுக்கா?"

"காருக்குத்தாங்க. கறுப்பு வண்டின்னு சொன்னீங்களே."

செஞ்சியிலிருந்து திருவண்ணாமலை போகும் சாலையில் அவர் வாட்டர் வாஷ் ஷெட் வைத்திருக்கிறார். இத்தனை நாளும் துடைப்பதற்கு மூட்டையாக வாங்கிய பனியன் வேஸ்ட்தான். டிராக்டருக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் அது போதும். கார்களுக்குப் பாலிஷ் போட்டு மெழுகு பூசித் தரும் வேலையையும் செய்ய வேண்டும் என்று அவருக்கு ஆசை. பலகையில் 'கார் டீடெய்லிங்' என்று எழுதி வைத்தார். வருகிறவர்கள் அதைப் படித்துவிட்டு, "அதெல்லாம் வேணாம்பா, தண்ணி அட்ச்சி வுடு" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். முதன்முதலில் சம்மதித்தவர் அவருடைய அக்கா. புதிதாக வாங்கிய கறுப்பு காரை ஞாயிற்றுக்கிழமை கொண்டுவருவதாகச் சொல்லியிருந்தார்.

துணி தேர்ந்தெடுப்பது என் பொறுப்பு. நான் பி.எஸ்சி. படித்தவள், படித்துப் பார்த்து வாங்குவேன் என்று அவர் நம்பினார். படிக்கப் படிக்க எனக்குப் பயம்தான் கூடியது. கண்ணாடிக்குக் குட்டை இழை வேண்டும். நீள இழை கோடு போடும். தண்ணீரை உறிஞ்சக் கட்டம் கட்டமாக நெய்த துணி. பூசிய மெழுகைத் துடைத்து எடுக்க நீள இழை, அதிலும் ஓரத்தில் தையல் இல்லாதது. கறுப்பு வண்டியில் ஒரு தையல் உரசினாலும் வெயிலில் சிலந்திவலை மாதிரி தெரியுமாம். கனமானதுதான் நல்லது என்று ஆர்டர் போட்டேன். கனமானது எல்லாவற்றுக்கும் சரிவராது என்று இன்னொருவர் எழுதியிருந்ததைப் பார்த்து ரத்து செய்தேன். மறுபடி போட்டேன்.

வந்த துணிகளைத் தனியாகத் துவைத்தேன். பருத்தித் துணியோடு போட்டால் அதன் பிசிறையெல்லாம் இது பிடித்துக்கொள்ளும். மொட்டைமாடியில் காயப்போடவில்லை. கல் லாரிகள் போகிற சாலை, தூசி ஏறும் என்று வீட்டுக்குள்ளேயே கொடி கட்டினேன். தரையில் விழுந்த துணி மறுபடி போனட்டுக்குப் போகக் கூடாது, இனி அது டயருக்குத்தான் என்று கணவரிடம் கண்டிப்பாகச் சொன்னேன். எங்கள் மகள் இரண்டைக் கொடியிலிருந்து இழுத்துக் கீழே போட்டாள்.

"டயருக்கு ரெண்டு ரெடி" என்றார் அவர். போனில் அக்காவிடமும் அதைச் சொல்லிச் சிரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை அண்ணி தானே வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தார். நான் அவரை அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். கணவர் இறந்த பிறகு கார் ஓட்டக் கற்றுக்கொண்டு, லைசென்ஸ் எடுத்து, இந்த வண்டியையும் வாங்கியிருந்தார். போனட்டின் நடுவே சந்தனமும் குங்குமமும் காய்ந்து ஒரு சின்னக் கை அப்படியே பதிந்திருந்தது. என் மகளின் கை.

முந்தைய வாரம் மேல்மலையனூர் கோயில் வாசலில் அந்த வண்டிக்குப் பூஜை போட்டோம். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று, மாலை போட்டாயிற்று. பொட்டு வைக்க அண்ணி தட்டை நோக்கிக் கையை நீட்டியபோது கூட வந்திருந்த உறவுக்காரப் பெண்மணி, "நீ இரும்மா, அவ வைக்கட்டும்" என்று தட்டைத் தூக்கி என்னிடம் கொடுத்தார். எனக்குத் தட்டை வாங்குவதா வேண்டாமா என்று தெரியவில்லை. வாங்கிக்கொண்டு நின்றேன். அண்ணி என் இடுப்பிலிருந்த குழந்தையைத் தன்னிடம் வாங்கி, அவள் கையை விரித்துச் சந்தனத்தில் தோய்த்து, குங்குமத்தில் தோய்த்து, தன் கையால் அந்தக் கையை போனட்டின் மேல் அழுத்தினார். "அத்தை வண்டிக்கு யாரு பொட்டு வச்சது? என் தங்கம் வச்சது."

அந்தக் கையோடுதான் அவர் ஒரு வாரமாக ஆஸ்பத்திரிக்குப் போய் வந்திருக்கிறார்.

கணவர் சக்கரங்களுக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார். இயந்திரம் போடுகிற சத்தத்தில் எல்லாவற்றையும் கத்தித்தான் சொல்ல வேண்டும். "அக்கா, மொதல்ல பொட்ட அழிச்சிடணும்" என்று கத்தினார். அதே நேரம் கரண்ட் போய்விட்டது. இயந்திரம் நின்றது. அந்த வார்த்தை மட்டும் ஷெட்டுக்குள் தனியாக நின்றது.

ஒரு பெண்ணின் பொட்டை அழிப்பது என்றால் எங்களுக்கு ஒரே அர்த்தம்தான். சொன்ன பிறகுதான் அவருக்கும் உறைத்தது. ஹோஸைப் பிடித்தபடி தரையைப் பார்த்தார். அண்ணி வண்டியைப் பார்த்தார்.

"அது இருக்கட்டும்டா. சுத்திப் பாலிஷ் போடு."

"இல்லக்கா, வெயில்ல காஞ்சா பெயின்ட்ட சாப்ட்டுடும்..."

"சாப்பிட்டா சாப்பிடட்டும்."

இருவரும் என்னைப் பார்க்காமல் நின்றார்கள். குங்குமத்தை விட்டுவைத்தால் கறை பெயின்டுக்குள் இறங்கும். அது எனக்குத் தெரியும். காய்ந்த பொடியை நனைக்காமல் துடைத்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரி ஆகும்; அதுவும் தெரியும். ஆனால் அது மட்டுமா? கோயிலில் தட்டை வாங்கிய நானே இப்போது அதை எடுக்கப் போகிறேன் என்றால் அண்ணி என்ன நினைப்பார்? எடுக்காமல் விட்டால் கணவரின் முதல் வேலை கறையோடு போகும். எந்தத் துணி என்று ஒரு வாரம் யோசித்தவள், எந்தச் சொல்லைச் சொல்வது என்று அங்கே நின்று யோசித்தேன்.

மகளுக்கு அம்மை வார்த்திருந்தபோது முதல் தண்ணீர் ஊற்ற அண்ணிதான் வந்திருந்தார். நான் துண்டோடு போனபோது என் கையைப் பிடித்து நிறுத்தினார். "தொடைக்காத கண்ணு. ஒத்தி எடு." அது நினைவுக்கு வந்தது.

"அண்ணி, தொடைக்கல. ஒத்தி எடுத்துடட்டுமா?" என்றேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு என் இடுப்பிலிருந்த குழந்தையை வாங்கிக்கொண்டு, "எடு" என்றார்.

இருப்பதிலேயே நீள இழை உள்ள துணியை ஷாம்பூ தண்ணீரில் நனைத்து, பிழியாமல் அந்தக் கையின் மேல் போர்த்தினேன். கையால் அழுத்தவில்லை. ஊறட்டும் என்று விட்டேன். சாலையில் ஒரு டவுன் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. துணியை நேராக மேலே தூக்கினேன். துணியில் கை வரவில்லை, வெறும் சிவப்பு. மடிப்பை மாற்றி மறுபடி போர்த்தினேன், தூக்கினேன். விரல்கள் ஒவ்வொன்றாகப் போயின.

"கொழந்தைக்கி மூஞ்சி கழுவற மாதிரியே செய்றா பாரு" என்றார் அண்ணி, தம்பியிடம். குரல் சரியாக இருந்தது.

"ஒரு வண்டிக்கி இவ்ளோ நேரம் எடுத்தா என் பொழப்பு இன்னாவறது?"

"வாய மூடிக்கினு டயரத் தொடைடா. ஒனக்குன்னு ரெண்டு துணி வச்சிருக்கா."

கரண்ட் வந்தது. கணவர் டார்ச் அடித்துப் பார்த்தார். ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் கட்டைவிரல் இருந்த இடத்தில் லேசாக ஒரு நிழல் நின்றது. சாய்ந்து பார்த்தால்தான் தெரியும். நான்தான் அதிக நேரம் ஊறவிட்டேனோ, இன்னும் கொஞ்சம் ஊறியிருக்க வேண்டுமோ?

"பாலிஷ்ல போயிடும்" என்று அவர் பாலிஷ் போடும் இயந்திரத்தை எடுத்தார்.

அண்ணி குனிந்து பார்த்தார். "அத மட்டும் வுட்டுடு."

"அக்கா, என் மொத வேலையே கறையோட போவணுமா?"

"கறையில்லடா. யாராவது கேட்டா நான் சொல்லிக்கிறேன், என் மருமவ கையெழுத்துப் போட்டிருக்கான்னு."

கணவர் என்னைப் பார்த்தார். முடிவு செய்யும் வேலையை அவரும் என்னிடமே விட்டார். சரிதான் விட்டுவிடுங்கள் என்று தலையசைத்தேன்.

அவர் அந்த இடத்தைச் சுற்றிப் பாலிஷ் போட்டார். மெழுகை எடுக்கும்போது நானும் அந்த இடம் வந்ததும் துணியைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தேன். அண்ணி குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து, கண்ணாடி வழியாக எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த நிழல் பெயின்டை அரித்துவிடுமோ என்ற கவலை எனக்கு இன்னும் போகவில்லை. அண்ணி எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம், வண்டியை நிறுத்தி அவர் உள்ளே போனதும், முதலில் போய்க் குனிந்து பார்க்கிறேன்.