பிரேக் மிதிக்க ஓர் ஆள்

பழைய அம்பாசடருக்கு டிஸ்க் பிரேக் போடக் கிளம்பியவனுக்குப் புத்தி கிடையாது என்று என் பெண் சொல்வாள். சொல்லட்டும். பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு எதை வேண்டுமானாலும் சொல்லலாம். ஆனால் அந்த வேலையை என் தலையில் கட்டியவளே அவள்தான்.

போன தடவை அவள் கல்கத்தா வந்திருந்தபோது ராஷ்பிஹாரி முனையில் ஒரு பஸ் குறுக்கே வந்தது. பிரேக்கை மிதித்தேன். வண்டி இடப்பக்கமாக இழுத்துக்கொண்டு போய், நடைபாதையில் ஒரு சக்கரத்தை ஏற்றிவிட்டு நின்றது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வீட்டுக்கு வந்து ஒரு டம்ளர் தண்ணீர் குடித்த பிறகு நிதானமாகத்தான் பேசினாள்.

"இனிமே இந்த வண்டில நான் ஏற மாட்டேன்பா. அடுத்த தடவை நான் வரச்சே, ஒழுங்கா பிரேக் புடிக்கற வண்டியோட ஏர்போர்ட்டுக்கு வா. இல்லேன்னா வித்துட்டு என்னோட வந்துடு. உன்ன இங்க தனியா விட்டுட்டு அங்க எனக்குத் தூக்கம் வரல."

வண்டியை விற்பதும் ஊரை விடுவதும் அவளுக்கு ஒன்றுதான். எனக்கும் அப்படித்தான் என்பதை அவளிடம் சொல்லவில்லை. மனைவி போன பிறகு காளிகாட் வீட்டில் நானும் வண்டியும்தான் மிச்சம். காலையில் அதைத் துடைக்கக் கீழே இறங்குகிற சாக்கில் நாலு பேர் முகத்தைப் பார்க்கிறேன். பெங்களூர் ஃபிளாட்டில் நான் எதைத் துடைப்பேன்?

பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் மல்லிக் பஜாரில், பிற்காலத்து மாடல் ஒன்றிலிருந்து கழற்றிய முன்சக்கர டிஸ்க்குகளும், அவற்றைக் கவ்விப் பிடிக்கிற காலிப்பர்களும் கிடைத்தன. "ஏக்தொம் ஃபிட் ஹோபே, தாதா", அச்சாகப் பொருந்தும் அண்ணா என்று கடைக்காரர் சத்தியம் பண்ணினார். ஃபிட்டாவது மண்ணாங்கட்டியாவது. என் சக்கரத்தை மாட்டினால் அது காலிப்பரில் உரசியது. சக்கரத்தை மாற்றினேன். அடுத்து ரப்பர் ஹோஸின் நட்டு ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு முரண்டு பிடித்தது. வண்டியின் குழாயில் இஞ்சு மரை, ஹோஸில் மில்லிமீட்டர் மரை. பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு சம்பந்திகளை ஒரே பந்தியில் உட்காரவைத்த மாதிரி ஆயிற்று. லேத்தில் ஒரு இணைப்புத் துண்டு கடைந்து வாங்கி அவர்களைச் சமாதானப்படுத்தினேன்.

தெருமுனை மெக்கானிக் எல்லாவற்றையும் மாட்டி முடித்த சாயங்காலம் பெடலை மிதித்துப் பார்த்தேன். ரசகுல்லாவை மிதித்தது போல அமுங்கியது. குழாயில் இன்னும் காற்று இருக்கிறது என்று அர்த்தம். "நாளைக்குக் காத்தை எடுத்துடலாமா?" என்று வங்காளியில் கேட்டேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். நாளைக்கு விஸ்வகர்மா பூஜை, ஸ்பேனரைத் தொட மாட்டோம், அதற்கு அடுத்த நாள் சாமி கரைக்கப் போய்விடுவோம் என்றார்.

தலையில் அடித்துக்கொண்டேன். கருவிகளைப் பூஜையில் வைப்பது என்றால் எங்கள் வீட்டுக் கணக்கில் நவராத்திரி ஆயுத பூஜைதான். அதற்கு இன்னும் நாள் கிடக்கிறதே என்று இருந்துவிட்டேன். இந்த ஊரிலேயே பிறந்து இங்கேயே தலை நரைத்தவனுக்கு, புரட்டாசி பிறக்கும்போது பட்டறைகள் மூடிவிடும் என்று தெரியாதா? தெரியும். ஞாபகப்படுத்தத்தான் ஆள் இல்லை. இரண்டு ஊர்ப் பண்டிகைகளையும் தலையில் வைத்திருந்தவள் என் மனைவி. அவளுடைய திவசத்துக்காகத்தான், பூஜைக்கு மறுநாள் காலை, பெண் வருவதாக இருந்தாள்.

பூஜையன்று நானே வண்டியை ஜாக்கியில் ஏற்றிச் சக்கரங்களைக் கழற்றினேன். காற்றை வெளியே விடுகிற நிப்பிள் காலிப்பரின் அடியில் இருந்தது. காற்று மேலே அல்லவா நிற்கும்? அடியில் திறந்தால் பிரேக் எண்ணெய்தான் வரும். பூஜை அவசரத்தில் மனிதர் இடது காலிப்பரை வலதிலும் வலதை இடதிலும் மாட்டித் தொலைத்திருந்தார். வாய்க்கு வந்தபடி திட்டினேன். கேட்கத்தான் ஒருவரும் இல்லை. மத்தியானத்துக்குள் இரண்டையும் கழற்றி இடம் மாற்றினேன்.

அதோடு தனியாளாக நான் செய்யக்கூடியது தீர்ந்தது. காற்றெடுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க வேண்டும், மற்றவர் சக்கரத்தருகே நிப்பிளைத் திறந்து மூட வேண்டும். இத்தனை வருஷமும் மிதித்தவள் என் மனைவிதான். புடவையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு, "இன்னும் எத்தனை நாழி?" என்று முனகிக்கொண்டே மிதிப்பாள். பெடலுக்கும் ஸீட்டுக்கும் நடுவே கட்டை வைத்துப் பார்த்தேன். நழுவியது. நிப்பிளில் ஒரு ரப்பர் குழாயை மாட்டி, மறுமுனையை எண்ணெய்ப் பாட்டிலில் முக்கித் தனியாளாகச் செய்கிற வித்தையையும் பார்த்தேன். நிப்பிளின் தேய்ந்த மரை வழியே காற்று உள்ளேதான் போனது.

மொட்டை மாடிக்கு ஏறினேன். விஸ்வகர்மா பூஜையன்று இங்கே ஊரே பட்டம் விடும்; மாடிக் குடும்பங்கள் அத்தனையும் அங்கே பட்டம் விட்டுக்கொண்டிருந்தன. ஒரு பட்டம் அறுபட்டதும் "போகாட்டா" என்று கூச்சல். மாடி வீட்டுப் பௌதி, அதாவது அண்ணி, ஒருத்தி என் கையில் கிச்சடித் தட்டைத் திணித்தாள். எதிர் ஃபிளாட்டுக்காரரிடம் விஷயத்தைச் சொன்னேன். வானத்திலிருந்து கண்ணை எடுக்காமல், இதோ வருகிறேன் தாதா என்றார். நல்ல மனிதர்தான். நான் கீழே போய், இருட்டும்வரை வண்டிக்குள் உட்கார்ந்திருந்தேன். அவர் வரவில்லை. சொல்லக் கூச்சமாக இருக்கிறது, அழுகை வந்துவிட்டது.

ஏர்போர்ட்டுக்கு வர முடியாது என்று பெண்ணுக்குப் போன் பண்ணினேன். "சரிப்பா" என்று மட்டும் சொன்னாள். என் ஊர்வாசம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

காலையில் டாக்ஸியில் வந்து இறங்கினாள். ஜாக்கியில் நின்ற வண்டியையும் என் சட்டைக் கறையையும் மாறி மாறிப் பார்த்தாள். பையைப் படியில் வைத்துவிட்டு டிரைவர் ஸீட்டில் ஏறினாள்.

"மிதிக்கணுமா?"

"மிதி."

"மிதிச்சுண்டிருக்கேன்."

நிப்பிளைத் திறந்தேன். எண்ணெயோடு குமிழி குமிழியாகக் காற்று வந்தது. இரண்டு பக்கமும் குமிழி நிற்கும்வரை மிதித்தாள். ஒரு முனகல் இல்லை. பெடல் கல்லாக நின்றது.

சக்கரங்களை மாட்டி அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துத் தெருக்கோடிவரை போனேன். வேண்டுமென்றே ஓங்கி மிதித்தேன். வண்டி இம்மி பிசகாமல் நேராக நின்றது.

"பாத்தியா?" என்றேன்.

"நன்னா நிக்கறதுப்பா" என்றாள். மனசாரத்தான் சொன்னாள். ஜெயித்துவிட்டேன் என்று ஸ்டியரிங்கைத் தட்டினேன்.

"அடுத்த தடவை காத்தெடுக்கறச்சே யாருப்பா மிதிப்பா?"

மெக்கானிக் இருக்கிறார், எதிர் ஃபிளாட்டுக்காரர் இருக்கிறார் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"யாரும் இல்லடீ" என்றேன்.