மரியமலர் அக்காவும் வடிகிற டாங்கும்

பஞ்சைக் கிழித்து, இரண்டு விரல்களுக்கிடையில் உருட்டி, நுனியை நாக்கில் வைத்து நனைக்கப் போனவர் சட்டென்று கையை இழுத்துக்கொண்டார். "ஐயோ, இது ஊசியில கோக்கிற நூல் இல்லை," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். கைகளில் நீலக் கையுறை. மேசையில் விரித்த கிச்சன் பேப்பரின் மேல் பெருவிரல் பருமனில் ஒரு கண்ணாடிக் குழாய், அதன் மூடி, நகத்தளவு கம்பிச் சுருள் பூட்டிய ஓர் அடித்தட்டு, கறுப்பு றப்பர் வளையங்கள் சில. மூக்குக் கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கி, சுருளின் துளைக்குள் பஞ்சைச் செருகிப் பார்க்கிறார். போகவில்லை. "ஏனடா, உனக்கு நான் என்ன செய்தனான்?" என்று கம்பியைக் கேட்கிறார்.

இவர் மரியமலர் அக்கா. ஃபாரஸ்ட் கேட் பகுதியில் இவருடைய வீட்டு மேலறையில்தான் நான் வாடகைக்கு இருக்கிறேன். மன்னார்ப் பக்கத்தவர், வயது அறுபதைத் தாண்டிவிட்டது. பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு மத்தியானச் சாப்பாடு பரிமாறுகிறார். நீலக் கையுறை அங்கிருந்து பழகியது. குள்ளம், ஆனால் நடை வேகம். அவரோடு ஸ்டேஷன் வரை போனால் எனக்குத்தான் மூச்சு வாங்கும். தேடுகிற மூக்குக் கண்ணாடி எப்போதும் அவர் தலையிலேயே இருக்கும்.

அவருக்கென்று ஒரு வசனம் உண்டு. "எனக்கு ஒண்டும் விளங்கேல்லை, பிள்ளை." சுப்பர்மார்க்கெற்றில் நாமே ஸ்கான் செய்கிற இயந்திரத்தின் முன் நின்று அதைச் சொல்வார். ஆங்கிலப் பூசை முடிந்து வெளியே வரும்போது பிரசங்கத்தைப் பற்றியும் அதையே சொல்வார். சொல்லிவிட்டு விலகிப் போகிறவர் அல்லர். இயந்திரம் கத்தக் கத்தக் கத்தரிக்காய்ப் பையைத் திருப்பித் திருப்பி அதற்குக் காட்டிக்கொண்டே நிற்பார். பின்னால் வரிசை நீளும். கடைசியில் எது சரியாய் அமைந்து இயந்திரம் ஏற்றுக்கொண்டது என்பது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

இந்தக் கண்ணாடிக் குழாய் அவருடையதல்ல. அவர் கணவர் பெனடிக்ற் அண்ணையுடையது. பெற்றோல் நிலையத்தில் வேலை பார்த்த காலமெல்லாம் அண்ணை சிகரெட் பிடித்தவர். நெஞ்சுநோ வந்து டொக்டர் பயமுறுத்திய பிறகு வேப் எனும் மின்சிகரெட்டுக்கு மாறினார். கடையில் ஆயத்தமாய் விற்பது அவருக்குப் பிடிக்கவில்லை. கழற்றிப் பூட்டுகிற டாங்க் ஒன்றை வாங்கிக்கொண்டார். கீழே பற்றறிப் பெட்டி, அதன் மேல் திருகுகிற டாங்குக்குள் கம்பிச் சுருள், சுருளுக்குள் பஞ்சு, பஞ்சைச் சுற்றி வாசனைத் திரவம். கம்பி சூடானதும் பஞ்சு உறிஞ்சி வைத்த திரவம் ஆவியாகும். கம்பியையும் பஞ்சையும் நாமே மாற்றிக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரங்களில் அண்ணை இதை அக்கக்காகக் கழற்றி வைத்துக்கொண்டு பாட்டுக் கேட்பார். "மனுசனுக்கு வயது போகப் போகப் பொம்மை விளையாட்டு" என்று அக்கா அப்போது சிரிப்பார்.

போன இலையுதிர் காலத்தில் அண்ணைக்குப் பாரிசவாதம் வந்தது. வலது கை விளங்காமல் போனது. அதைவிடப் பெரிய சோதனை, அவருடைய சொற்கள் இடம் மாறிப்போயின. தண்ணீர் கேட்க நினைத்தால் "சப்பாத்து" என்று வரும். ஒருநாள் அக்காவை "பஸ், பஸ்" என்று கூப்பிட்டார். மனதில் நினைப்பது சரியாகத்தான் இருக்கிறது, வாய்க்கு வரும்போதுதான் வேறு சொல்லாகிவிடுகிறது என்று பேச்சுப் பயிற்சிக்கு வருகிற பெண் விளக்கினாள். அக்கா தலையாட்டினார். அவள் போனதும் என்னிடம் திரும்பினார். "நினைப்புச் சரியெண்டா சொல் ஏன் பிழைக்குது? எனக்கு ஒண்டும் விளங்கேல்லை, பிள்ளை."

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த சில வாரங்களில், அக்கா வேலைக்குப் போயிருந்த நேரம், அண்ணை பொல்லை ஊன்றிக்கொண்டு தனியே தெருமுனைக் கடைக்குப் போய்விட்டார். கடைக்கார லதீசன் அக்காவுக்குப் போன் எடுத்தான்.

"அக்கா, பயப்பிடாதேங்கோ. அண்ணை இஞ்ச நிக்கிறார். சிகரெட் வைக்கிற அலுமாரியைக் காட்டிக் காட்டி 'குடை, குடை' எண்டுறார். என்னக்கா செய்ய?"

அக்கா ஏப்ரனைக் கழற்றாமலே ஓடிவந்தார். அண்ணை கடை வாசலில் கவிழ்த்து வைத்த பால் கூடையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். லதீசன் சிகரெட் கொடுக்கவில்லை. இன்னொரு கடை கொடுக்கும் என்பது அக்காவுக்குத் தெரியும்.

அன்றைக்குத்தான் அவர் அலுமாரியிலிருந்து அந்த டாங்கை வெளியே எடுத்தார். மகள் பிறேமினி இல்ஃபோர்ட்டிலிருந்து வரும்போது ஆயத்தமான வேப் ஒன்று வாங்கி வந்திருந்தாள். அண்ணை அதைத் தள்ளிவிட்டார். இடது கையால் தன்னுடைய டாங்கையே பற்றிக்கொண்டார். ஏன் அதுதான் வேண்டுமென்று அவரால் சொல்ல முடியவில்லை. வீட்டுக்கு வந்த தாதியிடம் அக்கா இது நல்லதா கெட்டதா என்று கேட்டார். ஒன்றுமே இழுக்காவிட்டால் மிகவும் நல்லது, சிகரெட்டுக்குத் திரும்புவதைவிட இது பரவாயில்லை என்றாள் அவள். "நான் கேட்டது நல்லதோ கெட்டதோ எண்டு. அவ சொல்லுறா பரவாயில்லையாம். பரவாயில்லை எண்டா என்ன, பிள்ளை?" 

முதல் தடவை அக்கா மூடியைத் திறந்து, நடுவில் தெரிந்த பெரிய துளைக்குள் திரவத்தை ஊற்றினார். அது புகை மேலே வருகிற வழி. ஊற்றியதெல்லாம் கீழால் இறங்கி மேசை விரிப்பிலும் அவர் மடியிலும் ஓடியது. வீடு முழுக்க மெந்தோல் வாசம். நான் யூரியூபில் ஒரு தாடிக்காரனின் விளக்கத்தைப் போட்டு, அவன் பேசப் பேசத் தமிழில் சொன்னேன். ஓரத்துத் துளையில்தான் ஊற்ற வேண்டும், முழுக்க நிரப்பக் கூடாது, மேலே கொஞ்சம் காற்றுக்கு இடம் விட வேண்டும். அக்கா கவனமாய்க் கேட்டார். அடுத்த விளக்கத்தில் வேறொருவன் பஞ்சைக் கூட வை என்றான். அதற்கடுத்தவன் குறைத்து வை என்றான். "ஆளாளுக்கு ஒண்டு சொல்லுறாங்கள். நிப்பாட்டும் பிள்ளை, தலை சுத்துது."

ஓரத்தில் ஊற்றியும் வடிந்தது. அண்ணை பக்கத்துக் கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டே இருப்பார். அக்கா மூடியில் கை வைத்தால் போதும், பதற்றமாகிவிடுவார்.

"கதவு," என்றார் ஒருநாள். "கதவு! கதவு!"

அக்கா எழுந்துபோய் முன்கதவைப் பார்த்தார். பூட்டித்தான் இருந்தது. பின்கதவையும் பூட்டினார். குளிக்கிற அறைக் கதவு, கடைசியில் குளிர்சாதனப் பெட்டிக் கதவு. திரும்பி வந்து உட்கார்ந்து மூடியைத் திறந்ததும் அண்ணை மேசையில் ஓங்கி அடித்தார். "கதவு!"

"எல்லாக் கதவும் பூட்டியாச்சப்பா! இன்னும் எந்தக் கதவை நான் பூட்ட?" அக்காவின் குரல் உடைந்தது. முகத்தைக் கையால் பொத்திக்கொண்டார்; கையுறையில் இருந்த மெந்தோல் கண்ணில் பட்டு இன்னும் கண்ணீர் வந்தது.

அண்ணை மெல்லக் கையை நீட்டி டாங்கின் அடிப்பக்கத்தைத் தொட்டார். அங்கே ஒரு வளையம் இருந்தது. திருகினால் பக்கத்துக் காற்றுத் துளைகள் திறந்து மூடும். இடது கையால் அவரால் அதைத் திருப்ப முடியவில்லை. அக்கா திருப்பினார். துளைகள் மூடின. அண்ணை கண்ணை மூடிக்கொண்டு மூச்சு விட்டார்.

நிரப்புவதற்கு முன் காற்று வழியை அடைக்க வேண்டும். நிரப்பி மூடியை இறுக்கிய பிறகு, டாங்கைத் தலைகீழாய்ப் பிடித்துக்கொண்டு அதைத் திறக்க வேண்டும். அன்றைக்கு டாங்க் அரைவாசிதான் வடிந்தது. அக்கா அதை அந்தோனியார் படத்துக்குப் பக்கத்தில் நிமிர்த்தி வைத்துவிட்டு, போகும்போதும் வரும்போதும் எட்டிப் பார்த்தார்.

மிச்ச வடிசல் பஞ்சினால் என்பது தெரிய இன்னொரு வாரம் போனது. அண்ணை "பேன், பேன்" என்று தலையைக் காட்டினார். அக்கா வெளிச்சத்தில் அவரை இருத்தி, நரைத்த தலைமயிரை வகிர்ந்து வகிர்ந்து பார்த்தார். பள்ளிக்கூடத்திலிருந்து தான் கொண்டுவந்துவிட்டேனோ என்று பயந்து தன் தலையையும் என்னைப் பார்க்கச் சொன்னார். ஒன்றும் இல்லை. அண்ணை சிரிக்கத் தொடங்கினார். வாய் ஒரு பக்கம் கோணிய சிரிப்பு. பாரிசவாதம் வந்த பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். பிறகு மேசையில் இருந்த பஞ்சை எடுத்து, சீப்பால் இழுப்பதுபோல விரலால் இழுத்துக் காட்டினார். பஞ்சின் நுனிகளைச் சீவிச் சிலும்பலாக்கி, திரவம் இறங்குகிற வாய்க்கால்களில் மெல்லப் படுக்க வைக்க வேண்டுமாம். நெருக்கி அடைத்தால் திரவம் ஊறாது. இடைவெளி விட்டால் ஒழுகும். "இதைத்தானோ பேன் எண்டனீங்கள்?" அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இருவரும் சிரிப்பதைப் பார்த்துக்கொண்டு நான் கையில் தேத்தண்ணியோடு நின்றேன்.

பிறேமினிக்கு இது பிடிக்கவில்லை. ஒரு சனிக்கிழமை வந்தவள் தாயின் கையிலிருந்த திரவப் போத்தலைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"அம்மா, உங்கட கையாலேயே இதைக் குடுக்கிறீங்கள். அப்பாக்குத் திரும்ப ஏதும் வந்தா?"

"கடைக்காரன்ர கையால சிகரெட்டைக் குடுக்கட்டோ?"

"ரெண்டும் வேண்டாம் எண்டுதான் சொல்லுறன்."

"நானும்தான் பிள்ளை வேண்டாம் எண்டுறன். அவர் எப்ப வேண்டாம் எண்டுவார் எண்டு நீ சொல்லு."

பிறேமினி போத்தலை வாங்கி அதன் லேபிளைப் படித்தாள். போகும்போது தகப்பனின் நெற்றியில் முத்தமிட்டுவிட்டு, தாயிடம் மட்டும், நிக்கொற்றின் குறைந்த போத்தலும் இருக்கிறது, கொஞ்சம் கொஞ்சமாய் இறக்கலாம் என்றாள். அக்கா அதையே வாங்கத் தொடங்கினார். செய்வது சரிதானா என்று பூசைக்குப் போகும் வழியில் என்னிடம் கேட்பார்; பூசை முடிந்து வரும் வழியில் திரும்பவும் கேட்பார்.

பிறகு ஒருநாள், புதுப் பஞ்சு ஊறுவதற்கு முன்னரே அவசரப்பட்டுக் கொடுத்துவிட்டார். உலர்ந்த பஞ்சு கருகி, அந்தப் புகை அண்ணையின் தொண்டையைப் பிடித்தது. அவர் இருமி இருமி நீலமானார். டாங்கைத் தூக்கிச் சுவரில் எறிந்தார். கண்ணாடி உடைந்தது. என்ன பிழை என்று சொல்ல வந்த வாயில் "யன்னல்... மாமி..." என்று ஏதேதோ வந்தன. அக்கா நிலத்தில் குந்தியிருந்து கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கினார். 

பெட்டியில் மேலதிகமாய் ஒரு கண்ணாடிக் குழாய் இருந்தது. நேற்றுப் பின்னேரம் நான் கீழே வந்தபோது அக்கா அதைப் பூட்டிக்கொண்டிருந்தார். தேய்ந்த றப்பர் வளையத்தை மாற்றி, புதியதில் ஒரு துளித் திரவம் தடவினார். பஞ்சைச் சீவிப் படுக்க வைத்து, சொட்டுச் சொட்டாய் நனைத்தார். காற்று வழியை அடைத்து ஓரத்தால் ஊற்றினார். மூடி, கவிழ்த்து, திறந்து, நிமிர்த்தி, வெள்ளைக் கடதாசியின் மேல் வைத்தார். உருளைக்கிழங்கு உரித்து முடியும் வரை அது அங்கேயே நின்றது. கடதாசியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். ஈரம் இல்லை.

அண்ணை இடது கையை நீட்டினார். அக்கா கொடுக்கவில்லை. வாழ்நாளில் ஒரு பீடியும் தொட்டறியாத அக்கா எங்கள் இருவருக்கும் முதுகைக் காட்டித் திரும்பி, டாங்கைப் பற்றறிப் பெட்டியில் திருகி, பொத்தானை அழுத்தி, தானே ஒருதரம் உள்ளே இழுத்தார். தோள்கள் குலுங்கின. இருமல் அடங்கும் வரை யன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். நாக்கால் உதட்டைத் தொட்டுப் பார்த்தார். பிறகு கார்டிகன் கையால் டாங்கின் வாயைத் துடைத்து, குனிந்து, அண்ணையின் உதட்டில் வைத்தார்.