பங்கு போட்டுப் படித்த பாடங்கள்

பள்ளிக்கூடம் முடித்து இரண்டு வருஷ இன்டர்மீடியட் வகுப்பில் சேர்ந்த இரண்டாவது மாதமே படிப்பு என் கையை மீறிப் போய்விட்டது. கறம்பக்குடிக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து புதுக்கோட்டைக் கல்லூரிக்கு வந்தவன் நான். பள்ளிக்கூடத்தில் பாதிப் பாடங்களைத் தமிழிலேயே படித்துத் தேறியிருந்தேன். கல்லூரியில் தமிழ் வகுப்பு நீங்கலாக எல்லாம் இங்கிலீஷ். கணக்குக்கு மட்டும் நான்கு புத்தகங்கள். பிஸிக்ஸுக்கும் கெமிஸ்ட்ரிக்கும் வகுப்பு தனி, லேப் தனி, லேபில் செய்ததை எழுதிக் காட்ட ரெக்கார்டு நோட்டு தனி. இதற்கு நடுவே வாரம் ஒரு இங்கிலீஷ் கட்டுரை. ஒன்றைப் படிக்க உட்கார்ந்தால் மற்ற நான்கும் மனசுக்குள் வந்து நிற்கும். கடைசியில் எதையும் படிக்காமல் எழுந்துவிடுவேன்.

கீழ மூன்றாம் வீதியில் ஒரு வீட்டின் பின்கட்டு அறையில் குடியிருந்தோம். உடன் தங்கியவன் என் வகுப்புத் தோழன். குன்றாண்டார்கோவில் பக்கம் அவன் ஊர். அவன் அப்பா சந்தை சந்தையாகப் போய் ஜவுளி விற்பவர். கணக்கு அவனுக்குத் தண்ணீர்பட்ட பாடு. ஆனால் அவனும் மற்றப் பாடங்களில் தத்தளித்துக்கொண்டுதான் இருந்தான். ஒருநாள் காலையில் துணி துவைத்துக்கொண்டே அவன் அந்த யோசனையைச் சொன்னான்.

“எல்லாத்தையும் ரெண்டு பேரும் படிக்கிறதாலதான் எதுவும் முடிய மாட்டேங்குது. கணக்கையும் பிஸிக்ஸையும் நான் பாத்துக்கிறேன். கெமிஸ்ட்ரியும் இங்கிலீஷும் ஒனக்கு. அவனவன் படிச்சத அடுத்தவனுக்குச் சொல்லிக் குடுத்துருவோம்.”

“கெமிஸ்ட்ரி எனக்கே பிடிபடலியே.”

“சொல்லிக் குடுக்கணும்னு படிச்சா பிடிபட்டுரும்.”

மறுநாளே தொடங்கிவிட்டோம். விடிந்ததும் புதுக்குளக் கரைக்குப் போவோம். அது உலகச் சண்டைக் காலம்; நோட்டுக் காகிதம் கிடைப்பது அரிது. அவன் ஒரு குச்சியை எடுத்துக் கரை மண்ணில் முக்கோணம் வரைந்து டிரிக்னாமெட்ரி சொல்லித் தருவான். எனக்குப் புரியாவிட்டால் அழித்துவிட்டு மறுபடியும் வரைவான். முகம் சுளித்ததே இல்லை. ஒரு மாதத்தில் கணக்கு வகுப்பில் நான் தலைநிமிர்ந்து உட்கார்ந்தேன்.

என் முறை வரும்போது நான் அப்படிச் செய்யவில்லை. எனக்கு நெட்டுருப் போடுவது எளிது. புத்தகத்தின் இங்கிலீஷ் வாக்கியங்களை மளமளவென்று ஒப்பிப்பேன். அவன் அதைக் கேட்டு, “நல்லாச் சொல்றடா” என்பான். அந்தப் பேச்சு எனக்குப் பிடித்திருந்தது. அதனால்தான் ‘ஈக்விவலண்ட் வெயிட்’ என்ற பாடம் எனக்கு விளங்காதபோது அதை அவனிடம் சொல்லவில்லை. அணு எடையை வேலன்ஸியால் வகுக்க வேண்டுமா, பெருக்க வேண்டுமா என்று அவன் கேட்டான். எனக்கு நிச்சயமில்லை. அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்திருக்கலாம். “பெருக்கணும்” என்றேன். அவ்வளவு தீர்மானமாகச் சொன்னேன்.

அரைப் பரீட்சையில் அதிலிருந்துதான் மூன்று கணக்குகள் வந்தன. வேறு கேள்விகளைத் தேர்ந்து எழுதவும் இடம் கொடுத்திருந்தார்கள். சந்தேகம் இருந்ததால் நான் அந்தக் கணக்குகளைத் தொடவே இல்லை. அவன் மூன்றையும் போட்டான், வகுக்க வேண்டியதைப் பெருக்கியே போட்டான்.

விடைத்தாள் கொடுத்த அன்று நான் தேறியிருந்தேன். அவனுக்கு மூன்றிலும் சைபர், பாடமே போய்விட்டது. அறைக்கு வந்ததும் இரண்டு தாள்களையும் பாயில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தான்.

“நீ ஏன் இதப் போடல?”

“எனக்குச் சந்தேகமா இருந்துச்சு.”

“எப்பலேர்ந்து?”

பொய் சொல்ல வாய் வரவில்லை. “ஒனக்குச் சொல்லிக் குடுத்தன்னைக்கே” என்றேன்.

அவன் கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலகுவாக இருந்திருக்கும். தாளை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டு, “நான் ஊருக்குப் போயிட்டு வாரேன்” என்று மட்டும் சொன்னான். அன்று வெள்ளிக்கிழமை.

இரண்டு நாள் அந்த அறையில் தனியாக இருந்தேன். அவன் திரும்ப வருவானா, வந்தாலும் வேறு அறை பார்ப்பானா என்று தெரியவில்லை. கெமிஸ்ட்ரி புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து எடுத்தேன். இந்தத் தடவை நெட்டுருப் போடவில்லை. எனக்கே எனக்குத் தமிழில் சொல்லிப் பார்த்தேன். சொல்ல முடியாத இடத்திலெல்லாம் பென்சிலால் ஒரு கோடு போட்டேன். ஞாயிறு மத்தியானத்துக்குள் நாற்பதுக்கும் மேல் கோடுகள். இவ்வளவையும் தெரிந்தவன்போல்தான் அவனுக்குச் சொல்லியிருந்தேன்.

திங்கட்கிழமை காலை, பெட்ரோல் தட்டுப்பாட்டால் கரியில் ஓடிய பஸ்ஸில் வந்து இறங்கினான். முகமெல்லாம் கரித்தூள். நான் புத்தகத்தை அவனிடம் நீட்டினேன்.

“கோடு போட்டதெல்லாம் எனக்குத் தெரியாது. தெரிஞ்ச மாரி ஒங்கிட்டச் சொன்னது தப்பு.”

பக்கம் பக்கமாகப் புரட்டினான். நடுவில் ஓரிடத்தில் நிறுத்தி, “இது எனக்குத் தெரியும்” என்றான். இன்னும் இரண்டு பக்கம் தள்ளி, “இதுவும்.” பிறகு புத்தகத்தை மூடினான். “மிச்சத்த சார்கிட்டக் கேப்போம். இனிமே தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லிரு. பிஸிக்ஸ்ல எனக்கும் அப்படி நாலஞ்சு கெடக்கு.”

வெள்ளிக்கிழமை லேப் முடிந்ததும் கெமிஸ்ட்ரி ஆசிரியரிடம் போய் நின்றோம். கேள்விகளைப் பழைய விளம்பர நோட்டீஸின் பின்பக்கத்தில் எழுதியிருந்தோம். அவர் கண்ணாடியை உயர்த்திப் படித்துவிட்டு, “இதெல்லாம் வகுப்புல கேட்டிருக்கலாமே” என்றார்.

“எல்லாரும் சிரிப்பாங்க சார்” என்றான் அவன்.

“இதுல பாதி, வகுப்புல யாருக்கும் தெரியாது” என்றார் அவர். அடுத்த வாரம் அந்தக் கேள்விகளில் ஆறை எடுத்து வகுப்பு முழுவதற்கும் நடத்தினார். யாரும் சிரிக்கவில்லை. முன் வரிசையில் இருந்தவர்களே வேகவேகமாக எழுதிக்கொண்டார்கள்.

அதன்பிறகு பாடங்கள் குறையவில்லை. ரெக்கார்டு நோட்டும் கட்டுரையும் வாரந்தவறாமல் வந்துகொண்டுதான் இருந்தன. ஆனால் எது தெரியும், எது தெரியாது என்று பிரித்துவிட்டதால் பயம் குறைந்தது. தெரியாததற்கு மட்டும் நேரம் ஒதுக்கினால் போதும் என்றாகிவிட்டது. கெமிஸ்ட்ரி அவனுக்குத்தான் முந்தி விளங்கியது; பிறகு எனக்கும்.

இரண்டாம் வருஷக் கடைசியில் பல்கலைக்கழகப் பரீட்சை எழுதிவிட்டு அவரவர் ஊருக்குப் போனோம். முடிவு வந்த பத்திரிகை கறம்பக்குடிக்கு மறுநாள்தான் வந்தது. கடைவீதியில் ஒரு மளிகைக் கடை வாசலில் அதை விரித்தேன். என்னைப் பெற்ற அய்யா பக்கத்தில் நின்றார். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது என்றாலும் எண்கள் தெரியும். அவர் விரல் என் எண்ணைத் தேடிப் போனது. நான் முதலில் அவன் எண்ணைத் தேடினேன். இரண்டாம் வகுப்பில் தேறியவர்களின் பட்டியலில் இருந்தது.

“ஒன் நம்பர் இந்தா இருக்குல்ல, நீ எங்கிட்டுத் தேடுற?” என்றார் அய்யா.

மூன்றாம் வகுப்பில் அவர் விரலுக்குக் கீழே நானும் தேறியிருந்தேன்.