துப்பாக்கி வந்த பிறகு

மதுரையில் துப்பாக்கிக் கடைக்குள் நுழைந்ததும் என் வீட்டுக்காரர் கை காட்டியது கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த ரிவால்வரைத்தான். இடுப்பில் செருகிக்கொண்டால் இரண்டு கையும் சும்மா இருக்குமே என்பது அவர் நினைப்பு. கடைக்காரர் பெட்டியைத் திறக்கவே இல்லை.

"பயிர்ப் பாதுகாப்புக்குக் கொடுத்த லைசென்ஸ்ல அதெல்லாம் வராதுங்க. அப்படியே வந்தாலும், நீங்க சொல்ற கரடி மேல விழுகிற தூரத்துக்கு வந்தப்புறம் அத உருவி என்ன செய்வீங்க?"

எங்கள் தோட்டம் வருசநாட்டுக்கு மேலே, காட்டை ஒட்டி இருக்கிறது. இலவ மரங்கள், எலுமிச்சை, ஊடே கொஞ்சம் மொச்சை. மொச்சையைப் பன்றி தின்றுவிட்டுப் போகும், அதற்காக வாங்கிய லைசென்ஸ்தான். ஆனால் அவரைக் கடைவரை தள்ளிக்கொண்டு வந்தது பன்றி இல்லை, கரடி. முந்தின வருஷம் எதிர்ச் சரிவில் ஒருவரைப் பிராண்டிப் போட்டிருந்தது. அவரைப் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து இவருக்குத் துப்பாக்கிப் பைத்தியம் பிடித்தது. எனக்கும் பயம்தான். என் தாலி பத்திரமாக இருக்க ஒரு இரும்புத் துண்டு உதவுமென்றால் வேண்டாம் என்று சொல்ல நான் யார்?

அடுத்து ஒரு ரைஃபிளைக் கேட்டார். "இதோட குண்டு எங்க போயி நிக்கும்னு உங்களுக்கே தெரியாதுங்க. எதிர்ச் சரிவுல ஆளுக வேலை பாக்குமில்ல?" என்றார் கடைக்காரர். ரெட்டைக் குழல் துப்பாக்கியை நான் வாங்கித் தூக்கிப் பார்த்தேன். மேடேறும்போது இதைச் சுமக்கிறவருக்குப் பின்னால் கஞ்சி கொண்டுபோகத் தனியாக ஒரு ஆள் வேண்டும். அதையும் திருப்பிக் கொடுத்தோம். கடைசியில் ஒற்றைக் குழலில், குட்டையாக, இலேசாக ஒன்று அமைந்தது. உண்ணிச்செடிப் புதருக்குள் குனிந்து போனாலும் முள்ளில் மாட்டாது.

எனக்கு ஒரு சந்தேகம் மட்டும் தீரவில்லை.

"ஏங்க, ஒரு கையில தூக்குவாளி, ஒரு கையில மருந்து கேனு. இத எங்கன வச்சுக்கிருவீக?"

"வார் போட்டுத் தோள்ல மாட்டிக்கிருவேன். வாய மூடிட்டு வா."

நடக்கும்போது தோட்டாவை உள்ளே போட்டு வைக்காதீர்கள், வழுக்கி விழுந்தால் உங்கள் காலையே எடுத்துவிடும் என்று கடைக்காரர் சொல்லி அனுப்பினார். ஆகவே துப்பாக்கி தோளில், தோட்டா சட்டைப் பையில். ஒவ்வொன்றும் சரியான யோசனைதான். இன்றைக்கு நினைத்தாலும் அதில் ஒரு பிழை சொல்ல முடியவில்லை, அதுதான் எனக்கு ஆத்திரமாக வருகிறது.

துப்பாக்கி வருவதற்கு முன்பு எங்கள் மலைப்பாதையில் யாரும் தனியாக ஏறியதில்லை. ஓடைக்கரையில் எல்லாத் தோட்டத்துக்காரர்களும் சேர்ந்த பிறகுதான் கிளம்புவார்கள். முன்னால் போகிறவர் வாய் ஓயாமல் பேச வேண்டும். மனிதச் சத்தம் கேட்டால் கரடி தானாக விலகிப் போய்விடும், திடீரென்று எதிரே போய் நின்றால்தான் பாயும். அந்த முன்னால் போகிற வேலை எப்போதும் என் வீட்டுக்காரருக்குத்தான். ஊர்வம்பு, எலுமிச்சை விலை, ஓட்டுக் கேட்டு வந்தவன் சொன்ன பொய் என்று அவர் எடுத்துவிட்டால் மைக்செட் கெட்டது. பின்னால் வருகிறவர்கள் சிரித்துச் சிரித்தே மேடேறிவிடுவார்கள்.

துப்பாக்கி வந்ததும் அது நின்றது. பன்றிக்குக் குறிவைக்கப் போகிறவன் சத்தம் போடலாமா என்று அவர் பூனை மாதிரி நடக்க ஆரம்பித்தார். கொஞ்ச நாளில் ஓடைக்கரையில் நிற்பதையும் விட்டார். "இவுகளுக்காகக் காத்துக் கெடந்தா வெயில் ஏறிப் போகும்" என்று விடிந்ததும் தனியாகக் கிளம்பிவிடுவார். பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம், நீங்களாவது கூடப் போங்கள் அண்ணே என்று கேட்டுப் பார்த்தேன். "அவரு துப்பாக்கி வச்சிருக்காரு, அவருக்கு என்னத்தா பயம்? பயந்து சாகுறது நாங்கதான்" என்றார்.

தேர்தல் வந்தது. தேர்தல் நேரத்தில் லைசென்ஸ் துப்பாக்கியைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்தாக வேண்டும். கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, பெற்ற பிள்ளையை விடுதியில் விட்டவர் மாதிரி முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார். ஆளுக்குக் காவல் போய்விட்டதே என்று சாமிக்கு நேர்ந்துகொண்டேன். ஆனால் வெறுங்கையோடு தனியாகப் போக அவருக்குத் தைரியமில்லை. மறுபடியும் ஓடைக்கரையில் போய் நின்றார், மறுபடியும் முன்னால் நடந்தார், மறுபடியும் மைக்செட். அவர்கள் சிரிப்பது வீட்டு வாசல்வரை கேட்கும். ஓட்டு எண்ணி முடிகிறவரை ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

துப்பாக்கி திரும்பி வந்த நாளில் நான் நிம்மதியாகத் தூங்கினேன். மறுநாள் விடிந்ததும் அவர் தனியாகப் போனார்.

உண்ணிச்செடி வளைவில் கரடி குட்டியோடு கரையான் புற்றைத் தோண்டிக்கொண்டிருந்திருக்கிறது. இவர் வருகிற சத்தம் அதற்குக் கேட்கவில்லை, அது தோண்டுகிற சத்தம் இவருக்குக் கேட்கவில்லை. அது பாய்ந்தபோது தூக்குவாளியைக் கீழே போடக்கூட நேரம் இல்லை. கீழே ஓடைக்கரையிலிருந்து மற்றவர்கள் பேசிக்கொண்டே ஏறி வந்த சத்தம் கேட்டுத்தான் அது அவரை விட்டுவிட்டுக் குட்டியோடு ஓடியது. பெரியாஸ்பத்திரியில் அவர் சட்டையை என் கையில் கொடுத்தார்கள். ரத்தத்தில் ஊறிய பைக்குள் தோட்டா இருந்தது.

உயிர் இருக்கிறது. வலது கண் இல்லை. தாடை உடைந்து, நாக்கு பாதி போய்விட்டது. அவர் சொல்வதில் எனக்கே கொஞ்சம்தான் புரியும். வேறு யாருக்கும் புரியாது என்பதால் வாயைத் திறப்பதே இல்லை. துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு, இனி வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

தோட்டத்தை விட முடியாது, சோறு அதிலிருந்துதான். இப்போது எல்லோரோடும் சேர்ந்து ஏறுகிறோம். முன்னால் நான் நடக்கிறேன், எனக்குப் பின்னால் அவர். பேசுவது என் வேலை. எனக்கு அவரைப் போல வேடிக்கையாகப் பேச வராது, திட்டத்தான் வரும். கரடியைத் திட்டுகிறேன், துப்பாக்கியைத் திட்டுகிறேன், அவரையும் பேர் சொல்லாமல் திட்டுகிறேன். யாரும் சிரிப்பதில்லை. உண்ணிச்செடி வளைவு வந்ததும் பழக்கத்தில் ஒரு நொடி நிறுத்திவிடுவேன், அவர் ஏதாவது எதிர்த்துப் பேசுவார் என்று. என் முதுகுக்குப் பின்னால் அவர் மூச்சு மட்டும் கேட்கும். அங்கே அதிக நேரம் சத்தமில்லாமல் நிற்கக் கூடாது. விட்ட இடத்திலிருந்து மறுபடியும் திட்ட ஆரம்பிப்பேன்.