தேசப்பன் அண்ணன் சுருக்கிய ஜெபம்

இப்போது எங்கள் ஜெப வீட்டில் மைக், ஸ்பீக்கர் எல்லாம் வந்துவிட்டது. காது கிழிகிறது. எனக்கென்னவோ கீற்றுக் கொட்டகையில் தேசப்பன் அண்ணன் ஜெபித்த காலம்தான் பிடித்திருந்தது.

வாரம் முழுக்க மரக்காணம் உப்பளத்தில் உப்பு வாருவார். ஞாயிற்றுக்கிழமை வெள்ளை வேட்டி கட்டி எங்கள் சபையை நடத்தி ஊழியம் செய்வார். பேச்சில் நம்மைப் போலத்தான். ஜெபிக்க எழுந்தால் ஆளே மாறிவிடுவார். அநாதி தீர்மானம், மகா பரிசுத்த கிருபாசனம் என்று அடுக்குவார். எங்களுக்கு ஒன்றும் விளங்காது. விளங்காததாலேயே பெரிய ஜெபம் என்று பக்கத்து ஊர் அனுமந்தை சபைக்காரர்களிடம் அலட்டிக்கொள்வோம்.

சுனாமி ஒரு ஞாயிறு காலையில் வந்தது. கரையிலிருந்து தள்ளி மேட்டில் இருந்த கொட்டகையில் நாங்கள் தப்பினோம். கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த மாயவன் போய்விட்டான். அவன் மனைவி அஞ்சம்மாள் அப்போது எங்களோடு ஜெபத்தில் இருந்தாள்.

சாட்சி நேரம் என்று எங்களிடம் ஒரு வழக்கம். கடவுள் செய்த நன்மையை ஒவ்வொருவராக எழுந்து சொல்ல வேண்டும். பொங்கல் கழிந்த ஞாயிறு, எழுந்தவர்கள் எல்லோரும் ஒரே பாட்டைப் பாடினார்கள்: கிருபையால் தப்பினேன். கடைசியாக அஞ்சம்மாள் எழுந்தாள்.

"அண்ணே, அப்ப எங்க வீட்டுக்காரர் மேல கிருபை இல்லியா?"

அண்ணன் கண்ணை மூடி, அநாதி தீர்மானத்தில் ஆரம்பித்தார்.

"அதுக்கு இன்னா அர்த்தம்ண்ணே?"

அவர் அதே வார்த்தைகளைத் திரும்பச் சொன்னார். அவள் வெளியே போனாள். தன் புருஷனைக் கடவுளே தள்ளிவிட்டார் என்று நினைத்தபடிதான் போனாள்.

மறு ஞாயிறு அவள் வரவில்லை. ஆராதனை முடிந்ததும் அண்ணன் நேரே அவளுடைய தார்ப்பாய்க் கூடாரத்துக்கு நடந்தார். நானும் கூடப் போனேன்.

"அஞ்சம்மா, மாயவன கடவுள் தள்ளல. நாங்க தப்புனதும் எங்க நல்லதனத்தால இல்ல. ஏன் இப்படி ஆச்சுன்னு எனக்குத் தெரியாது."

"நெஜமாவே தெரியாதா?"

"தெரியாதும்மா."

"இத அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல" என்றவள் உடைந்து அழுதாள். அதுவரை அவள் அழுது நாங்கள் பார்த்ததில்லை.

அடுத்த ஞாயிறு வந்து சாட்சி சொன்னாள். "அவரு இல்ல. தூக்கம் வரல. நேத்து கொஞ்சம் சோறு எறங்குச்சு." சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டாள்.

அண்ணன் எழுந்தார். வழக்கமான நீட்டு ஜெபம் என்று நாங்கள் வசதியாக முட்டி போட்டோம்.

"ஆண்டவரே, அஞ்சம்மாவுக்கு இன்னைக்கும் சோறு எறங்கணும்" என்றார். அவ்வளவுதான் ஜெபம்.

கொட்டகையே ஆமென் சொன்னது. எதற்குச் சொல்கிறோம் என்று அன்று எங்களுக்குத் தெரிந்திருந்தது.