பதினொரு வேகத்தடைகளும் ஒரு மெத்தையும்

ஒரு தெருவில் எல்லாரும் நல்லதைத்தான் கேட்டார்கள். கேட்டதெல்லாம் கிடைத்தது. பிறகும் அந்தத் தெரு எப்படிக் கெட்டுப்போனது? இதற்கு அப்போது எனக்குப் பதில் தெரியவில்லை. மெத்தைக்கடை அக்காவிடம் யாராவது கேட்டிருந்தால், "வந்து படுத்துப் பாருங்க, தெரியும்" என்று சொல்லியிருப்பார். ஏன் என்று சொல்கிறேன்.

அக்காவின் கடை தெருவின் நடுப்பகுதியில் இருந்தது. முன்னறை கடை, பின்னறை வீடு. காலையில் கதவைத் திறந்ததும் மூக்கைச் சுற்றித் துணி கட்டிக்கொண்டு, பழைய மெத்தையின் தையலைப் பிரித்து, கட்டிதட்டிப்போன பஞ்சை வெளியே இழுத்துப்போடுவார். அதை அடித்துப் பிரித்து, புது உறைக்குள் திணித்து, முழங்கை நீள ஊசியால் மேலும் கீழுமாகக் குத்தி முடிச்சுப் போடுவார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் ஒரு தடவு. எங்காவது மேடு தட்டினால் அந்த முடிச்சை அவிழ்த்து மறுபடி போடுவார். தெருவில் பாதிப் பேர் அவர் தைத்த மெத்தையில்தான் தூங்கினார்கள். யார் வீட்டில் யாருக்கும் யாருக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்பது மெத்தையின் பள்ளத்தைப் பார்த்தாலே தனக்குத் தெரிந்துவிடும், ஆனால் வாயைத் திறக்க மாட்டேன் என்று சொல்லிச் சிரிப்பார்.

அந்தத் தெருவுக்கு ஒரு விசேஷம் உண்டு. நடுக்கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு வார்டு, அந்தப் பக்கம் இன்னொரு வார்டு. அதனால் ஒரே தெருவுக்கு இரண்டு கவுன்சிலர்கள். இந்தப் பக்கத்துக்காரர் யார் எதைக் கேட்டாலும் "ஆகட்டும்" என்பார். அதனால் அவருக்கு ஆகட்டும் கவுன்சிலர் என்றே பெயர். அந்தப் பக்கத்துக்காரர் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வீட்டுப்பாடம் எழுதாமல் வந்த பையனைப் பார்ப்பதுபோல்தான் எல்லாரையும் பார்ப்பார். அவர் வாத்தியார் கவுன்சிலர். இரண்டு பேரும் எலியும் பூனையும். ஒருவர் இந்தப் பக்கம் ஒரு விளக்குப் போட்டால், மற்றவர் அந்தப் பக்கம் அதைவிட உயரமாக ஒன்று போடுவார். ஜனங்களுக்கு இதில் கொள்ளை லாபம். ஆகவே யாரும் அவர்களைச் சமாதானப்படுத்தப் போகவில்லை.

முதல் வேகத்தடை வந்ததில் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. பால்கடைக்காரரின் மகளை ஒரு மோட்டார் சைக்கிள் இடித்துத் தள்ளிவிட்டுப் போனது. அந்தப் பெண் கால் முறிந்து மாதக்கணக்கில் கட்டிலில் கிடந்தாள். தெருவே ஒன்றாகப் போய்க் கேட்டது, தடை வந்தது. ஆனால் அந்த இடத்தில் மெதுவாகப் போன வண்டிகள், அதைத் தாண்டியதும் விட்ட வேகத்தைப் பிடிப்பதுபோல் பறந்தன. அதற்கு அடுத்து இருந்த வீட்டுக்காரர்களுக்குப் பயம் வந்தது. அவர்கள் தனியாகப் போய்க் கேட்டார்கள். ஆகட்டும் என்றார் இவர். அவர் சும்மா இருப்பாரா? எதிர்ப்பக்கம் இரண்டு போட்டார். அக்காவும் கேட்டார். வண்டிகள் கிளப்பும் தூசி பஞ்சில் படிகிறது என்பது அவர் காரணம். அதுவும் நியாயமான காரணம்தான். வருடம் முடிவதற்குள் பதினொன்று ஆகிவிட்டது. வாசலில் தடை இருந்தால் கவுன்சிலர் அந்த வீட்டை மதிக்கிறார் என்று ஒரு பெருமையும் சேர்ந்துகொண்டது. வெளித்தெரு ஆட்கள், இது தெருவே இல்லை, படுக்கப்போட்ட படிக்கட்டு என்று கேலி பேசினார்கள்.

அந்த நேரத்தில்தான் அக்காவின் தம்பி சாரத்திலிருந்து விழுந்தான். அவன் கட்டடங்களுக்குப் பெயிண்ட் அடிப்பவன். முதுகில் ஆபரேஷன் நடந்தது. கால்கள் உயிரோடுதான் இருக்கின்றன, ஆனால் ஒருநாள் விட்டு ஒருநாள் ஆஸ்பத்திரிக்கு வந்து பயிற்சி செய்யவேண்டும், நடுவில் விட்டால் திரும்ப எழுப்புவது கஷ்டம் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். தம்பியால் உட்கார முடியாது. மெத்தை ஏற்றும் சின்ன வண்டியில் பின்னால் படுக்கவைத்து, அக்காவின் கணவர் ஓட்டிப் போவார்.

அவன் படுப்பதற்கு அக்கா தானே ஒரு மெத்தை தைத்தார். போதவில்லை. இன்னும் கனமாக ஒன்று தைத்தார். பஞ்சு கூடக்கூட அது தம்பியை மேலே தூக்கிப் போட்டதுதான் மிச்சம். அடியில் ஸ்பாஞ்ச் வைத்துப் பார்த்தார், அதற்கும் அதே கதி. ஊருக்கெல்லாம் சுகமாகத் தூக்கம் வரவழைத்த கைக்குச் சொந்தத் தம்பியைத் தெருமுனை வரை கொண்டுபோக ஒரு மெத்தை தைக்க வரவில்லை. இது அவரை உள்ளுக்குள் அரித்தது.

கொஞ்ச நாளில் தம்பி சாக்குச் சொல்ல ஆரம்பித்தான். இன்றைக்குத் தலைவலி, நாளைக்குப் போகலாம் என்றான். மாமாவுக்கு வியாபாரம் கெடுகிறது என்றான். இரண்டு முறை போகவில்லை. மூன்றாவது முறை அக்கா வண்டியில் ஏறி அவன் பக்கத்தில் படுத்துக்கொண்டார். கணவர் நத்தை மாதிரிதான் ஓட்டினார். முன்சக்கரம் ஏறி இறங்கும்போது ஒரு உலுக்கல், பின்சக்கரம் ஏறி இறங்கும்போது இன்னொன்று. அடுத்ததற்குள் மூச்சு விடுவதற்கும் நேரமில்லை. தம்பி தலையணையின் ஓரத்தைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தான். வண்டி கிளம்பியதும் முதலில் உலுக்கிய தடை, அக்கா தன் கடை வாசலுக்குக் கேட்டு வாங்கியது.

தெரு முடிந்து பெரிய ரோடு வந்ததும் அவன் வாயைத் திறந்தான்.

"இனிமே ஒண்ணுமில்லக்கா. ஆஸ்பத்திரி வரைக்கும் ரோடு தண்ணி மாதிரி இருக்கும். நம்ம தெருவைத் தாண்டறதுதான் முடியல."

அக்கா வீடு வீடாகப் போனார். எல்லாரும் தம்பிக்காக வருத்தப்பட்டார்கள். கட்டாயம் எடுக்கவேண்டியதுதான் என்றார்கள். கடைசியில் வாசல்வரை வந்து வழியனுப்பும்போது, எங்கள் வீட்டு முன்னால் இருப்பதை மட்டும் விட்டுவிடுங்கள் என்றார்கள். கவுன்சிலர்களிடம் போனார். ஆகட்டும், ஆனால் அந்தப் பக்கத்துக்காரர் முதலில் எடுக்கட்டும் என்றார் ஒருவர். முதலில் யார் தவறு செய்தார்களோ அவர்கள்தான் முதலில் திருத்தவேண்டும் என்றார் மற்றவர். பால்கடைக்காரரிடம் மட்டும் பேச்சே எடுபடவில்லை.

வேறு ஒருவராக இருந்தால் தலையில் கைவைத்து உட்கார்ந்திருப்பார். அக்கா ஞாயிற்றுக்கிழமை காலையில் தன் கடை வாசலில் கூட்டம் என்று எல்லாருக்கும் சொல்லிவிட்டார். வாத்தியாரிடம் போய், இந்தப் பக்கத்துக் கவுன்சிலர் வருகிறேன் என்று சொல்லிவிட்டார் என்றார். அது பொய்யில்லை. ஆகட்டும் கவுன்சிலர் எதற்குத்தான் வரமாட்டேன் என்றிருக்கிறார்? எதிராளி வரும்போது தான் போகாமல் இருப்பது கௌரவக் குறைச்சல் என்று வாத்தியாரும் வந்தார்.

கூட்டம் சந்தைக்கடையாகத்தான் இருந்தது. எந்தத் தடையை எடுப்பது என்றதும், ஒவ்வொருவரும் அடுத்த வீட்டைக் கைகாட்டினார்கள். மேசையும் நாற்காலியும் போட்டிருந்தால் சாயங்காலம் வரை பேசியிருப்பார்கள். பால்கடைக்காரர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார்.

"என் பொண்ணு ரத்தத்தோட கெடந்த எடம் அது. அதை யாராவது தொட்டீங்கன்னா நான் ரோட்டுக்குக் குறுக்க படுத்துடுவேன், சொல்லிட்டேன்."

"படுக்கத்தாண்ணே கூப்பிடறேன்" என்றார் அக்கா. "ரோட்டுல வேணாம். வண்டில படுங்க."

வண்டி தயாராக நின்றது. பின்னால் தம்பியின் மெத்தை விரித்திருந்தது. யாரும் பேசவேண்டாம், ஒவ்வொருவராக ஏறித் தெருமுனைவரை போய் வந்தால் போதும் என்றார் அக்கா. ஒரே நிபந்தனை. தம்பி படுப்பதுபோல் படுக்கவேண்டும். பக்கத்தில் எதையும் பிடிக்கக்கூடாது, முதுகைத் தூக்கக்கூடாது.

யார் முதலில் ஏறுவது என்று தயக்கம். கவுன்சிலர்தான் ஏறவேண்டும் என்று கூட்டத்தில் ஒரு குரல் வந்தது. எந்தக் கவுன்சிலர் என்று இன்னொரு குரல் கேட்டது. ஒருவர் ஏறினால் மற்றவர் நல்ல பெயரைக் கோட்டைவிட்டதாகிவிடும். கடைசியில் இரண்டு பேரும் வெள்ளைச் சட்டை கசங்க, ஒரே மெத்தையில், ஒருவருக்கு ஒருவர் முதுகு காட்டிப் படுக்கப் பார்த்தார்கள். மல்லாந்துதான் படுக்கவேண்டும் என்று அக்கா திருத்தினார். தெருவே சிரித்தது. வாத்தியார் வானத்தைப் பார்த்துக்கொண்டு, இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று கேட்டார்.

வண்டி கிளம்பியது. முதல் இரண்டு தடைகளுக்கு ஜனங்கள் கூடவே நடந்து கேலி பேசினார்கள். நாலாவதில் கேலி நின்றுவிட்டது. வாத்தியார் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார், பக்கத்தில் படுத்திருந்தவரின் கையை அவரை அறியாமல் பிடித்திருந்தார். ஆகட்டும் கவுன்சிலரின் குரல் மெதுவாக வந்தது.

"போதும்மா. வண்டிய நிறுத்தச் சொல்லு."

"தம்பி நிறுத்தச் சொல்ல மாட்டான்ங்க. சொன்னா ஆஸ்பத்திரி போகமுடியாதே" என்றார் அக்கா. வண்டி நிற்கவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொருவராக ஏறினார்கள். நல்ல முதுகு உள்ளவர்களுக்கே இடுப்பு விண்ணென்றது. இறங்கியவர்கள் யாரும் அடுத்த வீட்டைக் கைகாட்டவில்லை. கடைசியாகப் பால்கடைக்காரர் ஏறினார். அவர் கடை முன்னால் இருந்த தடையில் வண்டி ஏறி இறங்கியபோது கண்ணை இறுக மூடிக்கொண்டார். இறங்கி வந்து சட்டையைத் தட்டிக்கொண்டார்.

"அது இல்லாம என்னால தூங்க முடியாதும்மா" என்றார்.

"இருக்கட்டும்ண்ணே. அது இருக்கவேண்டியதுதான். செங்குத்தா இல்லாம, அகலமா, சரிவாப் போடச் சொல்லுவோம். உங்க பொண்ணும் நடக்கணும், என் தம்பியும் நடக்கணும். என் கடை முன்னாடி இருக்கறதை மொதல்ல எடுக்கட்டும். தூசி வந்தா நான் கதவைச் சாத்திக்கறேன்."

பஞ்சு அடிக்கிறவர் கதவைச் சாத்திக்கொண்டு வேலை செய்வது என்றால் என்ன என்று அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும். அதற்குமேல் யாரும் பேரம் பேசவில்லை. தெருவின் இரண்டு முனையிலும் ஒவ்வொன்று, பால்கடை முன்னால் ஒன்று, மற்றதெல்லாம் போகட்டும் என்று முடிவானது.

முடிவானால் ஆயிற்றா? நகராட்சியில் இயந்திரம் வேறு எங்கோ வேலையில் இருந்தது. தம்பிக்கோ மறுநாளே பயிற்சி. அப்போது பால்கடைக்காரர்தான் சொன்னார், வண்டியைத் தெருமுனையில் நிறுத்துங்கள், பையனை நாங்கள் தூக்கி வருகிறோம் என்று. ஒரு பலகையில் மெத்தையைப் போட்டு, ஆறு பேர் தோளுக்குத் தோள் தூக்கிக்கொண்டு தெருமுனைவரை நடந்தார்கள். பயிற்சி நாளெல்லாம் இதுதான் நடந்தது. இந்தப் பக்கத்து ஆட்கள் மூன்று பேர், அந்தப் பக்கத்து ஆட்கள் மூன்று பேர். வாத்தியார் கவுன்சிலருக்குத் தோள்வலி உண்டு, ஆனாலும் தன் முறை வந்தால் தவறமாட்டார். தூக்கத் தெரியாமல் தூக்குகிறார் என்று ஆகட்டும் கவுன்சிலர் திட்டுவார். மேலே படுத்திருக்கும் தம்பி, இரண்டு பேரும் சண்டையைத் தெருமுனையில் வைத்துக்கொள்ளுங்கள், என்னைக் கீழே போட்டுவிடாதீர்கள் என்பான். அதன்பிறகு அவன் ஒருநாளும் சாக்குச் சொல்லவில்லை. ஆறு பேர் வாசலில் வந்து நிற்கும்போது எப்படிச் சொல்வான்?

அக்கா முன்னால் நடந்து போவார். கல், குழி இருந்தால் சொல்வார். அப்போது அவர் முகத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், மெத்தையைத் தடவிப் பார்க்கும் அதே கவனம்.

இயந்திரம் வந்தபோது இரண்டு கவுன்சிலர்களும் சேர்ந்துதான் நின்றார்கள். அக்கா சொன்னபடி அவர் கடை முன்னால் இருந்ததுதான் முதலில் உடைந்தது. மற்றவை உடைந்து தார் பூசி முடியும்போது, தம்பி இரண்டு பக்கமும் கைத்தடி ஊன்றிக் கடைக்குள்ளேயே நடக்கத் தொடங்கியிருந்தான். இன்னும் மெதுவாகத்தான் நடக்கிறான். சாரம் ஏற முடியுமா என்று கேட்டால், முதலில் நன்றாக நடக்கட்டும் என்கிறார் டாக்டர். ஆனால் போனவாரம் பெரிய ரோட்டுவரை தானே நடந்து போய், தானே திரும்பி வந்தான். அக்கா கடைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு பஞ்சு அடித்துக்கொண்டிருந்தார். கைத்தடிச் சத்தம் போய், திரும்பி வரும்வரைக்கும் அடிப்பதை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்.

இப்போது ஆகட்டும் கவுன்சிலர் போகிற இடமெல்லாம் இந்தக் கதையைச் சொல்கிறார். அதில் வண்டியும் மெத்தையும் அவருடைய யோசனை ஆகிவிடுகிறது. அக்காவிடம் சொன்னால், போகட்டும், நாலு தெருவுக்கு நல்லது நடந்தால் சரி என்கிறார். ஆகவே ஒரு வேண்டுகோள். உங்கள் தெருவிலும் ஒவ்வொருவரும் தன் வாசலுக்கு மட்டும் எதையாவது கேட்டுக்கொண்டிருப்பார்கள். அவர்களிடம் இதைச் சொல்லுங்கள். சொல்லும்போது மெத்தைக்கடை அக்காவை விட்டுவிடாமல் சொல்லுங்கள்.