அடியில் தங்கிய நாலு சொட்டு

"நாயைக் கூட்டிக்கிட்டு வா" என்று சொல்லிவிட்டு ஊசியக்கா சன்னலைப் பாதி சாத்துவார். முழுதும் சாத்தமாட்டார். கேட்டு வந்தவன் எந்தப் பக்கம் போகிறான் என்று பார்க்க வேண்டும் அல்லவா? கால்நடை ஆஸ்பத்திரியில் பத்தொன்பது வருடமாக ஊசி போடுகிறார். "எங்க நாய் ராத்திரியெல்லாம் தூங்க மாட்டேங்குது, ஒரு பாட்டில் மயக்க மருந்து குடுங்க" என்று வாரத்துக்கு நாலு பேராவது சன்னலுக்கு வருகிறார்கள். அந்த நாலு பேரில் மூன்று பேருக்கு நாய் கிடையாது.

ஒருவன் கூட்டிக்கொண்டே வந்துவிட்டான். புதுக் கயிறு, பழைய நாய். பெயர் கேட்டதற்கு "ஜிம்மி" என்றான். ஜிம்மி அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இவருக்கா தூக்கம் வரலை? காலையிலேருந்து எங்க வாசப்படியிலதானே தூங்குனாரு. நான் தாண்டித் தாண்டிப் போயிட்டிருந்தேன்" என்றார் ஊசியக்கா. கயிற்றை அவிழ்த்து அவன் கையில் கொடுத்தார். நாய் வாசப்படிக்குப் போய், விட்ட தூக்கத்தைத் தொடர்ந்தது.

மிருகங்களுக்கு மரியாதை, மனிதர்களுக்கு அதட்டல் என்பது அவர் வழக்கம். காளையிடம் "ஐயா, கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்க" என்பார். அதன் சொந்தக்காரரிடம் "தலையைப் பிடிய்யா, வேடிக்கை பார்க்காம" என்பார். காரணம் கேட்டால், "கடிக்கிறவங்க, முட்டுறவங்ககிட்ட பணிஞ்சு போனாத்தான் கை மிஞ்சும்" என்று பதில் வரும். அவர் இடது கையில் ஒன்பது தையல் தழும்புகள் இருக்கின்றன. எது யார் பல் பட்டது என்று வரிசையாகச் சொல்வார். கோபமாகச் சொல்லமாட்டார், பழைய உறவினர்களைப் பற்றிப் பேசுவது போலத்தான் இருக்கும்.

சன்னலில் கூட்டம் வரக் காரணம் பஸ் நிலையத்தின் பின்சுவர். அங்கே விற்கும் போதைப் பொட்டலங்களில் இந்த மருந்தையும் கலக்கிறார்கள். எவ்வளவு கலந்தது என்று விற்கிறவனுக்கே தெரியாது, வாங்குகிறவன் கேட்பதும் இல்லை. போட்டவர்கள் நின்ற இடத்திலேயே மடங்கி, நெற்றி முழங்காலைத் தொடும்படி அரை நாள் நிற்கிறார்கள். கையில் காலில் புண் வந்தால் ஆறுவதில்லை. சிலர் எழுந்திருப்பதே இல்லை. ஊசியக்கா தன் பங்குக்குச் சொல்லிப் பார்ப்பார்: "நானூறு கிலோ குதிரையைத் தூங்க வைக்கிற மருந்துடா இது. நீ அம்பது கிலோ தேறுவியா?" கேட்டவர்கள் தலையாட்டுவார்கள். செவிடன் காதில் சங்கு ஊதிய கதைதான்.

ஆனாலும் அவர் அலமாரியிலிருந்து ஒரு பாட்டில் வெளியே போனதில்லை. சாவி எப்போதும் ரவிக்கையில் ஊக்கோடு இருக்கும். குளிக்கும்போது பல்லில் கடித்துக்கொள்வார் என்று சக ஊழியர்கள் கேலி செய்வார்கள். அவர் மறுத்ததில்லை.

அலமாரிக்கு இருந்த காவல் குப்பைக்கு இல்லை. ஊசி ஏற்றியபின் பாட்டிலின் அடியில் நாலு சொட்டு தங்கும். அதை மணல் வாளியில் கொட்டி, பாட்டிலை உடைத்துப் போடவேண்டும் என்பது பெரிய டாக்டர் வைத்த சட்டம். ஊசியக்காவுக்கு அதில் ஒரு சங்கடம். கொல்லையில் பூனைகள் உண்டு. "கொட்டினா நக்குவாங்க, உடைச்சா கால் கிழியும்" என்று, ரப்பர் மூடியோடு ஒவ்வொரு பாட்டிலையும் செய்தித்தாளில் சுற்றிக் குப்பை வாளியில் வைத்துவிடுவார். பாட்டில் திறந்த தேதியை மேலே ஒட்டிய சீட்டில் அவரே எழுதியிருப்பார். அவ்வளவு ஒழுங்கு.

வாளியைக் கொல்லைத் தொட்டிக்கு எடுத்துப் போவது அவர் தம்பி. முப்பத்தெட்டு வயது. பார்த்த வேலைகளையெல்லாம் விட்டுவிட்டு அக்கா வீட்டில் இருக்கிறான். தினமும் மதியம் சாப்பாடு கொண்டுவருவான். சொல்லாமலே வாளியைத் தூக்குவான். "இப்பத்தான் பொறுப்பு வந்திருக்கு" என்று எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி ஊசியக்கா பூரித்துப் போனார். வெயில் காலத்திலும் அவன் முழுக்கைச் சட்டை போடுவதைக்கூட மரியாதை என்றே எடுத்துக்கொண்டார்.

போன மாதம் ஒரு நாள் வாளி போனது, திரும்பி வரவில்லை. ஊசியக்கா தேடிப் போனார். தொட்டிக்குப் பின்னால் தம்பி மடங்கிக் கிடந்தான். உதடு நீலம் பாரித்திருந்தது. மிருகங்களுக்குப் பார்த்த பழக்க தோஷத்தில் முதலில் உதட்டை விலக்கி ஈறைத்தான் பார்த்தார். பிறகு சட்டைக் கையைச் சுருட்டினார். முழங்கைக்குக் கீழே புண், உள்ளங்கை அகலம். பக்கத்தில் கிடந்த பையில் செய்தித்தாள் சுற்றிய பாட்டில்கள் இருந்தன. எல்லாச் சீட்டிலும் தன் கையெழுத்து. அவனையும் பையையும் ஆட்டோவில் ஏற்றினார்.

பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் இருந்தது ஓர் இளம் டாக்டரம்மா. "போதையை முறிக்கிற ஊசி போட்டாச்சு. மூச்சு கொஞ்சம் தேவலை, ஆனா கண்ணு தொறக்கலை, நாடியும் ரொம்பக் கம்மி. வேற என்னமோ கலந்திருக்கு. என்னன்னு உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது என்று சொன்னால் நம்பியிருப்பார்கள். பொட்டலம் போட்டவனின் அக்காவுக்கு என்ன தெரியும்? சொன்னால் பத்தொன்பது வருடம் ஒரு நாளில் போகும். வேலியே பயிரை மேய்ந்தது என்பார்கள். வீட்டு வாடகையும் இருவர் சாப்பாடும் அந்த ஊசியில்தான் நடக்கிறது. ஊசியக்காவுக்குப் பயமாகத்தான் இருந்தது.

"குதிரைக்குப் போடுறது, டாக்டரம்மா" என்றார். "எங்க ஆஸ்பத்திரியிலேருந்து போனது. நான் கொட்டாம விட்டது. அதோட பலம் எவ்வளவு, எவ்வளவு நேரம் இழுக்கும்னு எங்க பெரிய டாக்டருக்குத்தான் தெரியும்."

கைபேசியை எடுத்துப் பெரிய டாக்டரின் எண்ணைத் தானே அழுத்தினார். மறுமுனையில் "சொல்லும்மா" என்ற குரல் கேட்டதும், அதை டாக்டரம்மாவிடம் நீட்டினார்.